தரங்கம்பாடியிலிருந்து வளர்ந்த சபை: தமிழ் லுத்தரன் திருச்சபையும் அதன் ஆலயங்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரங்கம்பாடியைப் பார்க்க வருகிறவர்களும் நம் சபை வாலிபர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆலயங்களின் பெயர்களும் ஆண்டுகளும் ஒன்றோடொன்று குழம்பிப்போவதைப் பல ஆண்டுவிழா மலர்களில் பார்த்திருக்கிறேன். அதனால் கட்டடத்தையும் அதற்குள் கூடிய மக்களையும் சேர்த்தே சொல்ல முயன்றிருக்கிறேன். சபை வளர்ந்த பிறகுதான் ஒவ்வோர் ஆலயமும் எழுந்தது. ஆலயம் கட்டிவிட்டு ஆட்களைத் தேடியதாக இந்த வரலாற்றில் அநேகமாக எங்கும் இல்லை.

தரங்கம்பாடியில் டென்மார்க்காரர்களுக்கு என்ன வேலை?

வியாபாரம்தான். 1620-இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாத நாயக்கரோடு டேனியர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். கடலோரத்தில் டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டி, மிளகு முதலான சரக்குகளை ஏற்றுமதி செய்தார்கள். இந்த வியாபாரத்தை நடத்திய டேனியக் கிழக்கிந்தியக் கம்பெனியாருக்குக் குருமார் இருந்தார்கள். ஆனால் அவர்கள் கோட்டையில் இருந்த ஐரோப்பியருக்கு மட்டுமே ஊழியம் செய்தார்கள். இப்படியே எண்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தது. தமிழருக்கென்று ஒரு லுத்தரன் சபை, அதாவது மார்ட்டின் லுத்தரின் வழிவந்த புராட்டஸ்டண்டு சபை, வேண்டும் என்ற எண்ணம் கம்பெனிக்கு அந்தக் காலம் முழுவதும் வரவில்லை.

அப்படியானால் சபை எப்போது தொடங்கியது?

1706 ஜூலை 9-இல் பர்த்தொலொமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுச்சோவும் தரங்கம்பாடியில் கரை இறங்கினார்கள். இருவரும் ஜெர்மானியர். அனுப்பியவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக். ஹாலே நகரில் அகஸ்து ஹெர்மன் பிராங்கே நடத்திய பள்ளிகளின் தாக்கத்தில் வளர்ந்தவர்கள் என்பதால் இந்த ஊழியத்துக்கு டேனிஷ்-ஹாலே மிஷன் என்ற பெயர் நிலைத்தது. சீகன்பால்குக்கு அப்போது வயது 23 அல்லது 24.

கோட்டை அதிகாரிகள் இவர்களை விரும்பி வரவேற்கவில்லை. அரசர் ஆணையோடு வந்தவர்களைத் தடுக்கவும் முடியவில்லை. வந்ததும் சீகன்பால்க் திண்ணைப் பள்ளியில் சிறுபிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். பிறகு கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர் அழகப்பனிடம் பேச்சுத் தமிழைப் பயின்றார்.

1707 மே 12-இல் முதல் ஞானஸ்நானம் நடந்தது. பெற்றவர்கள் ஐந்து பேர், ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் தமிழர்களும் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆண்டுவிழா மலர்களில் மிஷனரிகளின் படங்கள் பெரிதாக வருகின்றன. முதல் சபையாராக நின்ற இந்த ஐந்து அடிமைகளைப் பற்றி ஒரு வரியாவது எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

சீயோன் ஆலயம் 1701-லேயே இருந்ததே. பிறகு ஏன் புதிதாக ஆலயம் கட்டினார்கள்?

சீயோன் ஆலயம் டேனியருக்காகக் கட்டப்பட்டது. அங்கே வழிபாடு டேனிஷ் மொழியில் நடந்தது. முதல் ஐந்து பேருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது சீயோனில்தான். ஆனால் தமிழில் பிரசங்கம் கேட்க வேண்டிய ஒரு சபை, எஜமானர்களின் ஆலயத்தில், அவர்கள் கொடுக்கும் நேரத்தில் எத்தனை நாள் கூட முடியும்? அதனால் ஒரே மாதத்தில், 1707 ஜூனில், கடலை ஒட்டிய இடத்தில் ஒரு சிறிய ஆலயத்துக்கு அடிக்கல் போட்டார்கள். மிஷனரிகள் தங்கள் சம்பளப் பணத்தையும் அதில் போட்டார்கள். ஆகஸ்டு 14-இல் பிரதிஷ்டை நடந்தது. எருசலேம் ஆலயம் என்று பெயரிட்டார்கள். தமிழிலும் போர்த்துக்கீசிய மொழியிலும் அன்று பிரசங்கம் நடந்தது.

போர்த்துக்கீசியம் ஏன் என்று கேட்பீர்கள். டேனியர் வருவதற்கு முன்பே இந்தக் கரையோரத்தில் போர்த்துக்கீசியர் இருந்தார்கள். கலப்புக் குடும்பங்களும் வீட்டு வேலையாட்களும் ஒருவகைக் கொச்சைப் போர்த்துக்கீசியம் பேசினார்கள். ஆகவே இந்தச் சபை பிறந்த நாளிலேயே இருமொழிச் சபை.

தரங்கம்பாடி சீயோன்தான் இந்தியாவின் முதல் புராட்டஸ்டண்டு ஆலயமா?

இல்லை. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) புனித மரியாள் ஆலயம் 1680-இல் பிரதிஷ்டையானது. சீயோனுக்கு அதைவிட 21 வயது குறைவு. இந்தியாவிலேயே முதல் என்ற அடைமொழி தரங்கம்பாடிக்குத் தேவையும் இல்லை. தமிழ் மக்களுக்கென்று தமிழ் வழிபாட்டோடு எழுந்த முதல் லுத்தரன் ஆலயம் 1707-இன் எருசலேம் ஆலயம் என்று சொன்னாலே போதும்.

புதிய எருசலேம் ஆலயம் எப்போது கட்டப்பட்டது? பழையது என்ன ஆனது?

பத்தே ஆண்டுகளில் பழைய ஆலயம் கொள்ளாமல் போனது. அது அலைக்கு மிக அருகிலும் இருந்தது. அந்தக் கட்டடம் இன்று இல்லை. 1717 பிப்ரவரி 9-இல் ஊருக்குள் ராஜ வீதியில் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1718 அக்டோபர் 11-இல் பிரதிஷ்டை நடந்தது. இன்றைக்கும் ஞாயிறுதோறும் ஆராதனை நடக்கும் ஆலயம் அதுதான்.

அந்தப் பத்து ஆண்டுகள் சுலபமாகப் போகவில்லை. 1708-இன் இறுதியில் கோட்டைத் தலைவர் ஹாசியஸ் சீகன்பால்கைக் கைதுசெய்து நான்கு மாதம் கோட்டைக்குள் சிறைவைத்தார். 1711-இல் புளுச்சோ ஐரோப்பா திரும்பிவிட்டார். ஆனாலும் பள்ளிகள் நடந்தன, பெண் பிள்ளைகளுக்கும் தனிப் பள்ளி நடந்தது, அச்சுக்கூடம் வந்தது. 1718-இல் ஆலயக் கதவு திறந்தபோது உள்ளே போன கூட்டத்தில் அந்தப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளும் இருந்தார்கள்.

முகப்பில் உள்ள கிரீடமும் எழுத்துகளும் எதைக் குறிக்கின்றன?

அது நான்காம் பிரடெரிக் அரசரின் பெயர் முத்திரை. மேலே கிரீடம், கீழே 1718. அரசரின் பணத்தாலும் பெயராலும் நின்ற மிஷன் என்பதை வழியில் போகும் எவரும் அறிய வேண்டும் என்று வைத்தார்கள். கோட்டையில் பகை இருந்த காலத்தில் அந்த முத்திரை ஒரு பாதுகாப்பாகவும் இருந்திருக்கும்.

ஆலயம் ஏன் சிலுவை வடிவில் இருக்கிறது? சாதி பிரித்து உட்காரத்தான் அப்படிக் கட்டினார்கள் என்கிறார்களே?

இரண்டு கேள்விகள் இதில் கலந்திருக்கின்றன. இரண்டுக்கும் நேராகவே பதில் சொல்ல வேண்டும்.

நான்கு கைகளும் சம நீளமாக உள்ள சிலுவை வடிவம் அன்றைய வட ஐரோப்பிய லுத்தரன் ஆலயங்களில் வழக்கத்தில் இருந்த ஒன்று. கோபன்ஹேகனில் 1696-இல் பிரதிஷ்டையான இரட்சகர் ஆலயம் இதே வடிவம்தான். லுத்தரன் வழிபாட்டில் பிரசங்கமே நடுநாயகம். நீண்ட மண்டபத்தில் கடைசியில் நிற்பவருக்குக் குரல் எட்டாது. சிலுவை வடிவில் மூலையில் பிரசங்க பீடத்தை வைத்தால் நான்கு பக்கமும் கேட்கும். வடிவம் வந்தது அங்கிருந்து.

ஆனால் அந்த வடிவத்துக்குள் எப்படி உட்கார்ந்தார்கள் என்பது வேறு கதை. 18-ஆம் நூற்றாண்டுத் தரங்கம்பாடிச் சபையில் வெள்ளாளர் முதலான சாதியாரும் பறையர் மக்களும் ஒரே கூரையின்கீழ் தனித்தனி இடங்களில், நடுவே வெளிவிட்டு உட்கார்ந்தார்கள். அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்துக்கு வரும் வரிசையிலும் முன், பின் இருந்தது. மிஷனரிகள் இதை அறிந்தே அனுமதித்தார்கள். காலப்போக்கில் மாறிவிடும் என்று நம்பியவர்களும் உண்டு, இது வெறும் சமூக வழக்கம் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. அந்த நம்பிக்கை பொய்த்தது என்பதைப் பின்னால் வந்த நூறு ஆண்டுகள் காட்டின. நம் ஆலயத்தின் பெருமையைச் சொல்கிற யாரும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகக் கூடாது. அந்த வெளிக்கு அப்பால் உட்கார்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் பல ஊர்களில் இந்தச் சபையை இன்று தாங்கி நிற்கிறார்கள்.

சீகன்பால்க் எங்கே அடக்கம் செய்யப்பட்டார்?

புதிய எருசலேம் ஆலயத்துக்குள், பீடத்தின் பக்கத்தில். 1719 பிப்ரவரி 23-இல் காலமானார். தாம் கட்டிய ஆலயத்தில் அவர் ஊழியம் செய்தது ஐந்து மாதம்கூட இல்லை. அவரோடு உழைத்த கிருண்டலர் அடுத்த ஆண்டே இறந்தார், அவரும் பீடத்தின் மறுபக்கத்தில் அடக்கம் பண்ணப்பட்டார்.

அச்சுக்கூடம் பற்றி ஏன் எப்போதும் பேசுகிறார்கள்? சபை வளர்ச்சிக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. லுத்தரன் சபை என்றால் வேதம் வாசிக்கிற சபை, ஞானோபதேசம் படிக்கிற சபை, பாட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துப் பாடுகிற சபை. ஓலையில் படியெடுத்து இதையெல்லாம் பரப்ப முடியாது.

லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அச்சு இயந்திரம் அனுப்பியது. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு வந்தன. ஆனால் அவை மிகப் பெரியவை. அந்த அளவில் அடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது. எனவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். அதற்கு, வந்திறங்கிய பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத் தகட்டை உருக்கியதாகச் சொல்வார்கள். சீகன்பால்க் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1714-இல் தொடங்கி 1715-இல் அச்சாகி முடிந்தது. காகிதத் தட்டுப்பாடு தீர, பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் தொடங்கினார்கள்.

பழைய ஏற்பாட்டில் ரூத் வரைக்கும் சீகன்பால்க் மொழிபெயர்த்திருந்தார். மீதியை பெஞ்சமின் சூல்ட்சே முடித்தார். பிறகு வந்த பிலிப்பு பப்ரீசியஸின் மொழிபெயர்ப்பைத்தான் தமிழ் லுத்தரன்கள் தலைமுறை தலைமுறையாக ஆலயத்தில் வாசித்தார்கள். அந்த நடையில் மனப்பாடம் செய்த சங்கீதத்தை இன்றும் மாற்றாமல் சொல்லும் பாட்டிமார்கள் இருக்கிறார்கள்.

முதல் தமிழ்ப் போதகர் யார்?

ஆரோன் ஐயர். கடலூர்ப் பக்கத்தில் பிறந்தவர், இயற்பெயர் ஆறுமுகம். சீகன்பால்க் காலத்திலேயே ஞானஸ்நானம் பெற்று, பள்ளி ஆசிரியராகவும், குருப்பட்டம் இல்லாமல் சபையில் போதிக்கும் உபதேசியாராகவும் ஊழியம் செய்தார். 1733 டிசம்பர் 28-இல் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவில் புராட்டஸ்டண்டு குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் இவரே. 1745-இல் காலமானார்.

இந்தக் குருப்பட்டம் ஏன் பெரிய விஷயம் என்றால், தரங்கம்பாடி எல்லைக்கு வெளியே தஞ்சை மராட்டிய மன்னரின் நாட்டுக்குள் மிஷனரிகள் நினைத்தபடி போய்வர முடியாது. சபையோ அங்கேதான் வளர்ந்துகொண்டிருந்தது. வளர்த்தவர்கள் தமிழ் உபதேசியார்கள். அவர்களில் முக்கியமானவர் இராஜநாயக்கன். தஞ்சை மன்னர் படையில் சேவகம் செய்தவர், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, வேதத்தை வாசித்துத் தாமே லுத்தரன் சபையைத் தேடி வந்தவர். கிராமம் கிராமமாகப் போனார், அடிபட்டார், ஆனாலும் நிறுத்தவில்லை.

1741-இல் இரண்டாவது தமிழ்ப் போதகரைத் தெரிந்தெடுக்கும் நேரம் வந்தது. இராஜநாயக்கன் பெயர் பேசப்பட்டது. அவர் பறையர் குலத்தவர் என்பதால், சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் பயந்தார்கள். குருப்பட்டம் தியோகு என்பவருக்குப் போனது. தஞ்சை வட்டாரத்துச் சபைகளுக்கு வேர்போட்ட மனிதருக்குக் குருத்துவ அங்கி கிடைக்கவில்லை. தமிழ் லுத்தரன் வரலாற்றில் எனக்கு மிகவும் வலிக்கிற பக்கம் இது. ஆலயங்களில் நினைவுப் பலகை வைக்கும்போது இவர் பெயரில் ஒன்று எங்காவது வைத்தால் நல்லது.

பொறையாறு பெத்லகேம் ஆலயம்?

1746-இல் கட்டப்பட்டது. தரங்கம்பாடிக் கோட்டைப் பகுதிக்கு வெளியே, மேற்கே இருந்த கிராமச் சபைகள் பெருகியதால் அவர்களுக்கு அருகில் ஓர் ஆலயம் தேவைப்பட்டது. கடற்கரையிலிருந்து சபையின் எடை உள்நாட்டுக்கு நகர்ந்ததற்கு இது முதல் அடையாளம்.

திருச்சி கிறிஸ்து ஆலயம், தஞ்சை சுவார்ட்ஸ் ஆலயம் எல்லாம் லுத்தரன் ஆலயங்களா?

கட்டியவர் லுத்தரன். இன்று அவை தென்னிந்தியத் திருச்சபைக்கு உரியவை. இதில்தான் பலரும் குழம்புகிறார்கள்.

1728-இல் சூல்ட்சே சென்னையில் ஊழியம் தொடங்கினார். அதன் செலவை லண்டன் சங்கம் ஏற்றது. ஊழியர்கள் ஹாலேயிலிருந்து வந்த லுத்தரன்கள், பணம் ஆங்கிலிக்கன் பணம். இதே ஏற்பாட்டில் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர் உழைத்தார். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் 1766-இல் கிறிஸ்து ஆலயத்தைப் பிரதிஷ்டை செய்தார். தஞ்சைச் சிவகங்கைத் தோட்டத்து ஆலயம் 1779-இல் எழுந்தது. அவர் 1798-இல் இறந்தபோது, அவரைத் தகப்பனாக எண்ணிய சரபோஜி மன்னர் இங்கிலாந்தில் ஜான் பிளாக்ஸ்மன் என்ற சிற்பியிடம் சொல்லி ஒரு சலவைக்கல் நினைவுச் சின்னம் செய்வித்தார். மரணப் படுக்கையில் இருக்கும் குருவின் அருகில் மன்னர் நிற்கும் காட்சி அது. தஞ்சைக்குப் போகிறவர்கள் பெரிய கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல், பக்கத்திலேயே உள்ள இந்த ஆலயத்துக்குள்ளும் போய்ப் பாருங்கள்.

பாளையங்கோட்டையில் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று மக்கள் அழைக்கும் ஆலயமும் இந்தக் கிளையில் வருவதே. சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா என்ற பிராமண விதவை கட்டிய ஆலயம் அது. 1785-இல் சுவார்ட்ஸ் போய்ப் பிரதிஷ்டை செய்தார்.

1820-களின் நடுவில் லண்டன் சங்கம் தன் சபைகளை ஆங்கிலிக்கன் மிஷனான சுவிசேஷப் பரப்புதல் சங்கத்திடம் ஒப்படைத்தது. ஆலயங்களும் பள்ளிகளும் மக்களும் ஒருசேரக் கைமாறினார்கள். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அவை அதில் சேர்ந்தன.

19-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடிச் சபை ஏறக்குறைய அழிந்துவிட்டது என்கிறார்கள். உண்மையா?

மிகவும் தளர்ந்தது உண்மை. ஐரோப்பாவில் நெப்போலியன் போர்கள் நடந்தபோது ஆங்கிலேயர் 1808-இல் தரங்கம்பாடியைப் பிடித்து, 1815-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள். டென்மார்க்கிலிருந்து உதவி வற்றியது. ஹாலேயிலும் பழைய பக்தி வேகம் தணிந்தது. பழைய மிஷனின் கடைசி ஊழியரான கெம்மெரர் 1837-இல் இறந்தார். 1845-இல் டேனியர் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனியிடம் விற்றுவிட்டார்கள்.

அதற்குள் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் 1836-இல் ஒரு புதிய லுத்தரன் மிஷன் தொடங்கியிருந்தது. பிறகு லைப்சிக்குக்கு மாறி அந்தப் பெயராலேயே அறியப்பட்டது. அதன் முதல் ஊழியர் கோர்டஸ் 1840-களின் தொடக்கத்தில் தரங்கம்பாடிக்கு வந்தார். சில ஆண்டுகளில் ஆலயமும் சொத்துகளும் லைப்சிக் மிஷனிடம் ஒப்படைக்கப்பட்டன. அவர் வராமல் இருந்தால் புதிய எருசலேமும் ஆங்கிலிக்கன் ஆலயமாகியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

லைப்சிக் மிஷன் காலத்தில் சபை வேகமாக வளர்ந்தது ஏன்?

பல காரணங்கள். பள்ளிகள், மாயவரம், கும்பகோணம், தஞ்சை, திருச்சி, மதுரை, கோயம்புத்தூர் என்று விரிந்த ஊழியம், இரயில் பாதை. இவற்றோடு சொல்லத் தயங்கும் காரணமும் ஒன்று உண்டு.

1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயர் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது என்று உத்தரவிட்டார். தஞ்சை, திருச்சி, சென்னையில் சாதிக் கிறிஸ்தவர் பலர் அதை ஏற்கவில்லை. லைப்சிக் மிஷனோ, குறிப்பாக அதன் இயக்குநர் கார்ல் கிராவுல், சாதியைச் சமூக அமைப்பாகப் பார்த்து மெதுவாகக் கரைய விட வேண்டும் என்றார். அதனால் ஆங்கிலிக்கன் சபையிலிருந்து பல குடும்பங்கள் லுத்தரன் சபைக்கு வந்தன. நம் பழைய நகரச் சபைகள் சிலவற்றின் எண்ணிக்கை இப்படித்தான் உயர்ந்தது.

கிராவுல் தமிழை ஆழ்ந்து கற்றவர், திருக்குறளை ஜெர்மன் மொழியில் தந்தவர். தமிழுக்கு அவர் செய்ததை நன்றியோடு நினைக்கிறேன். சாதி விஷயத்தில் அவர் எடுத்த நிலை தவறு என்றே எண்ணுகிறேன். அவர் காலத்திலேயே ஓக்ஸ் என்ற மிஷனரி இதை எதிர்த்து வெளியேறினார். அவர் மேல்பட்டாம்பாக்கத்தில் தொடங்கிய ஊழியம் டேனிஷ் மிஷனரி சங்கத்தோடு இணைந்து, இன்றைய ஆர்க்காடு லுத்தரன் திருச்சபைக்கு அடித்தளம் ஆனது.

தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை எப்போது உருவானது?

1919 ஜனவரி 14. முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனரிகளை ஆங்கில அரசு நாட்டைவிட்டு அனுப்பியது. ஏற்கெனவே கூட ஊழியம் செய்துவந்த சுவீடன் மிஷன் பொறுப்பேற்றது. ஆனால் இனி வெளிநாட்டு மிஷனையே நம்பிக் காலம் தள்ள முடியாது என்பது சபையாருக்கு அந்தப் போரில் நன்றாகவே புரிந்தது.

1921-இல் சுவீடன் நாட்டவரான ஏர்னஸ்ட் ஹாய்மன் முதல் பேராயரானார். தரங்கம்பாடிப் பேராயர் என்ற பட்டம் அன்றிலிருந்து தொடர்கிறது. 1956-இல் முதல் இந்தியப் பேராயராக இராஜா மாணிக்கம் பொறுப்பேற்றார். சீகன்பால்க் வந்து 250 ஆண்டுகள் ஆன வருடம் அது. ஆரோன் ஐயரின் குருப்பட்டத்துக்கும் இதற்கும் இடையே 223 ஆண்டுகள். இத்தனை காலம் பிடித்ததற்குத் தமிழரிடம் தகுதி இல்லாதது காரணமாக இருக்க முடியாது.

தலைமையகம் ஏன் திருச்சியில் இருக்கிறது?

சபைகள் சென்னை முதல் மதுரை வரை, கோயம்புத்தூர் வரை பரவியதால் நடுவில் உள்ள ஊர் வசதி. அங்குள்ள தலைமையகத்துக்குத் தரங்கம்பாடி இல்லம் என்று பெயர்.

தமிழ்நாட்டு லுத்தரன்கள் எல்லோரும் ஒரே சபையா?

இல்லை. ஆர்க்காடு லுத்தரன் திருச்சபையை மேலே சொன்னேன். ஆம்பூர், கிருஷ்ணகிரி, நாகர்கோவில் பக்கம் உள்ள இந்தியா சுவிசேஷ லுத்தரன் திருச்சபை, அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன்கள் 1895-இல் தொடங்கிய ஊழியத்தில் வளர்ந்தது. மலேசியாவிலும் இலங்கையிலும் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போன தமிழர்கள் தங்கள் பாட்டுப் புத்தகத்தோடு போனார்கள். அங்குள்ள தமிழ் லுத்தரன் சபைகளுக்கு அவர்களே தொடக்கம்.

சீயோன் ஆலயம் இப்போது யாரிடம் இருக்கிறது?

தென்னிந்தியத் திருச்சபையிடம். ராஜ வீதியில் சீயோனும் புதிய எருசலேமும் மிக அருகருகே நிற்கின்றன. ஒன்று அந்தச் சபை, ஒன்று நம் சபை.

2004 சுனாமியில் ஆலயத்துக்கு என்ன ஆனது?

தரங்கம்பாடி டிசம்பர் 26 அன்று கடுமையாக அடிபட்டது. மீனவர் குடியிருப்புகளில் பலர் உயிரிழந்தார்கள். ஆலயம் நின்றது. அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது கட்டடம் தப்பியதை அற்புதமாகச் சொல்லிவிட்டு, தெருவில் நடந்ததை மறப்பது எனக்கு உடன்பாடில்லை.

கடல் இந்த ஊரைத் தின்பது அன்று தொடங்கியதும் இல்லை. 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டப்பட்ட மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதி அலையில் போய்விட்டது. 1718-இல் கரையைவிட்டு உள்ளே தள்ளி ஆலயம் கட்டியவர்களின் முடிவு எவ்வளவு சரி என்பதை அந்தக் கோயிலருகே நின்று பார்த்தால் புரியும்.

பழைய ஆலயத்தைப் பழுதுபார்க்க நினைக்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்வி தரங்கம்பாடிக்கு மட்டும் உரியதில்லை. நூறு ஆண்டு கடந்த ஆலயம் உள்ள ஒவ்வொரு சபையும் சிந்திக்க வேண்டியது.

பழைய சுவர்கள் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். கடலோரமானால் உப்பும் சேரும், உப்பு செங்கலை உள்ளிருந்து பொடியாக்கும். இரண்டு மழைக்காலம் வெளியே பளபளப்பாக இருக்கும், மூன்றாவதில் பூச்சு பெயரும், கூடவே செங்கலும் வரும். அதற்குமேல் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்தால் கேடு இரட்டிப்பாகும். ஆகவே சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள். கூரையின் தண்ணீர்ப் போக்குகளை வருடந்தோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் சுத்தம் செய்யுங்கள். தரையில் பழைய கல்லறைக் கற்கள் இருந்தால் அவற்றின்மேல் டைல்ஸ் ஒட்ட வேண்டாம். ஒட்டிவிட்ட ஆலயங்களில் யார் அடக்கம் செய்யப்பட்டார்கள் என்பதே அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போகிறது.

சபை பெருகி இடம் போதவில்லையென்றால் பழையதை இடித்துவிட்டுக் கட்டுவதுதான் வழி என்று எண்ணிவிடாதீர்கள். வளாகத்தில் இடம் இருந்தால் பக்கத்தில் புதியது கட்டலாம். ஆராதனையை இரண்டு வேளையாக்கலாம். தேவை நியாயமானதுதான். ஆனால் இடித்த ஆலயத்தை ஒருவரும் திருப்பிக் கட்ட முடியாது.

எங்கள் ஊர்ச் சபையின் வரலாற்றை எழுத எங்கே தொடங்குவது?

ஆலயப் பீரோவில். ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு மூன்றையும் எடுத்து முதல் ஏட்டின் முதல் ஆண்டைப் பாருங்கள். ஆலயம் கட்டிய ஆண்டுக்கு முன்பே பதிவுகள் இருந்தால், அதுவரை சபை வேறு எங்கோ, ஒரு பள்ளிக்கூடத்திலோ கீற்றுக் கொட்டகையிலோ ஒரு வீட்டுத் திண்ணையிலோ கூடியிருக்கிறது. அந்த இடத்தைப் பெரியவர்களிடம் கேட்டுக் குறியுங்கள். அடிக்கல்லில் உள்ளதையும் மணியில் வார்க்கப்பட்ட எழுத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுங்கள். மணி எங்கே வார்க்கப்பட்டது என்பதிலிருந்து அந்தக் காலத்தில் எந்த மிஷன் பொறுப்பில் இருந்தது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம்.

உபதேசியார்களின் பெயர்களை விடாமல் எழுதுங்கள். போதகர்களின் பெயர் பலகையில் இருக்கும், உபதேசியார் பெயர் பதிவேட்டின் சாட்சிக் கட்டத்தில்தான் இருக்கும். ஏடுகள் பொடிந்துகொண்டிருந்தால் தாளைப் புரட்டுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் மேலிருந்து படம் எடுத்து இரண்டு இடங்களில் சேமியுங்கள். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டும் லேமினேஷன் வேண்டாம், அது பழைய தாளைக் கெடுத்துவிடும்.